நல்லூர்க் கொடிக்கு முன் இரண்டு ஊசி

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 67. கோண்டாவிலில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. 12 வருடமாகச் சலரோகம் (நீரிழிவு), குளிசையில் ஓரளவு கட்டுப்பாடாக இருக்கிறது. அஸ்பிரினும் போடுகிறேன். 95 இடம்பெயர்வில் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மாள் வருத்தம் வந்தது. வேப்பிலையில் படுத்து எழும்பி, அடுத்த பங்குனித் திங்களில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்கினோம். அதோடு சரி.

போன ஆவணியில் என் அக்காவுக்கு (72 வயது) முதுகிலிருந்து நெஞ்சு வரை ஒரு பக்கமாகக் கொப்புளம் போட்டது. பார்வை பார்த்து, சந்தனம் பூசி, ஐந்தாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கொப்புளம் ஆறிவிட்டது. நோ இன்னும் இருக்கிறது. கிளினிக் கொப்பியில் 'ஹேர்பீஸ்' என்று எழுதியிருந்ததை அக்காவின் மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து தாயின் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் மகள், "அம்மா, இங்கே வரும்போது இதற்கு இரண்டு ஊசி போட்டுவிடுவோம்" என்கிறாள். சித்திரை வருடப்பிறப்பு முடிந்து போகிறேன், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் திரும்பிவிடுவேன். இடையில் ஆடி முதல் சனிக்கிழமை பேத்தியின் அரங்கேற்றம். இந்த ஊசி எனக்குத் தேவையா? ஊசியாலேயே வருத்தம் வந்துவிடாதா? வீட்டில் 4 வயதுப் பேரன் இருக்கிறான், அவனுக்குத் தொற்றுமா? அக்காவுக்கும் ஒன்று வாங்கி ஐஸ் பெட்டியில் கொண்டு வரலாமா? பாம்பு மாதிரிச் சுற்றி வந்து தலையும் வாலும் முட்டினால் உயிர் போகும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

ரீச்சர், முதலில் உங்கள் அக்காவின் மகனுடைய விடயத்தை முடித்துவிடுவோம். ஊசியை விட அது அவசரம்.

கொப்பியில் 'ஹேர்பீஸ்' என்பதற்குப் பக்கத்தில் 'ஸொஸ்டர்' என்று இன்னொரு சொல் இருந்திருக்கும். கிளினிக் அவசரத்தில் சில நேரம் அதை எழுதாமல் விடுவதும் உண்டு. தம்பி தேடிப் பார்த்தது ஹேர்பீஸ் சிம்பிளெக்ஸ் என்ற வேறு வைரசைப் பற்றி. உடலுறவால் தொற்றும் என்று போனில் வாசித்திருப்பார். அக்காவுக்கு வந்தது அதுவல்ல, அக்கி. அம்மாள் வருத்தத்தை, அதாவது கொப்புளிப்பானை உண்டாக்குகிற அதே வைரஸ்தான் அக்காவுக்கு இத்தனை வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. இரண்டு வைரசும் ஒரே குடும்பம், அதனால் ஒரே முதற்பெயர். இந்தப் பெயர்க் குழப்பத்தால் எங்கள் ஊரில் வயதானவர்கள் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. கொப்பியை வீட்டில் மறைத்து வைத்த ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். நான் இப்போதெல்லாம் கொப்பியில் முழுப்பெயரையும் எழுதி, பக்கத்தில் தமிழில் 'அக்கி' என்றும் போட்டுவிடுகிறேன்.

சரி, உங்களிடம் வருவோம்.

கொப்புளிப்பான் மாறினால் வைரஸ் உடம்பை விட்டுப் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அம்மாள் இறங்கிவிட்டா, தலைக்குத் தண்ணீர் வார்த்தாயிற்று, பொங்கியாயிற்று. ஆனால் வைரஸ் போகவில்லை. முள்ளந்தண்டை ஒட்டி இரண்டு பக்கமும் நரம்புகளில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் போய் உறங்கிவிடுகிறது. சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் 1995இல் வந்தது இன்றும் உங்களோடுதான் கோண்டாவிலில் இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எழும்ப விடாமல் அமத்தி வைத்திருக்கிறது. வயது ஏற ஏற அந்தக் காவல் தளரும். அப்போது ஏதாவது ஒரு முடிச்சிலிருந்து வைரஸ் விழித்து, அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வரும். அதுதான் அக்கி.

இதைத் திருத்தமாகச் சொன்னவர் பெரிய ஆய்வுகூடத்து விஞ்ஞானி அல்ல. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறு பட்டினத்தில் குடும்ப வைத்தியராக இருந்த எட்கர் ஹோப்-சிம்சன். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை வருடக்கணக்காகக் குறித்து வைத்தார். ஷெட்லண்ட் பக்கம் யெல் என்ற தீவுக்கும் போய் விசாரித்தார். தீவு என்றால் எங்கள் நெடுந்தீவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எப்போது என்ன வந்தது என்று ஊருக்கே தெரியும். அக்கி வெளியிலிருந்து தொற்றி வருவதில்லை, பழைய கொப்புளிப்பான்தான் உள்ளிருந்து எழும்புகிறது என்ற கருத்தை 1965இல் அவர் எழுதினார். ஊர் வைத்தியரின் கொப்பிக்கு இருக்கிற மதிப்பை நினைத்து எனக்கு இன்னமும் ஒரு பெருமிதம்.

இனி, பாம்புக் கதை. முள்ளந்தண்டிலிருந்து ஒவ்வொரு நரம்பும் ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வந்து, உடம்பின் நடுக்கோட்டோடு நின்றுவிடும். மற்றப் பக்கத்துக்கு வேறு நரம்பு. அதனால்தான் அக்கி அரை வளையமாகவே நிற்கிறது. தலையும் வாலும் முட்டுவதற்கு அதற்கு வழியே இல்லை. இருந்தாலும் அந்தப் பழைய பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு. கொப்புளம் இரண்டு பக்கமும் வந்தாலோ, உடம்பின் பல இடங்களில் சிதறிப் போட்டாலோ எதிர்ப்புச் சக்தி மிகவும் விழுந்துவிட்டது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். அந்த நாட்களில் அப்படி வந்தவர்கள் பலர் பிழைத்திருக்க மாட்டார்கள். அதைப் பார்த்தவர்கள் சொன்ன கதையாக இருக்கலாம்.

உங்களுக்கு அக்கி வருமா? கொப்புளிப்பான் வந்த எவருக்கும் வரலாம். வாழ்நாளில் மூவரில் ஒருவருக்கு வருகிறது என்பது பொதுவான கணக்கு. 50 வயதுக்குப் பிறகு வேகமாக ஏறும். 85 வயது வரை இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கண்டிருப்பார்கள். சலரோகம் இருந்தால் வாய்ப்பு இன்னும் கொஞ்சம் கூடும். அக்காவுக்கு வந்ததால் உங்களுக்குத் தொற்றிவிடும் என்பதில்லை. உங்களுடையது உங்களிடமே இருக்கிறது.

ஆனால் ரீச்சர், கொப்புளத்துக்காக மட்டும் என்றால் இவ்வளவு செலவழித்து ஊசி போடச் சொல்லி நான் எழுத மாட்டேன். கொப்புளம் ஏழு பத்து நாளில் காய்ந்து, மூன்று நான்கு கிழமையில் உதிர்ந்துவிடும். நான் பயப்படுவது அதற்குப் பிறகு இருக்கிற நோவுக்கு.

என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அப்போது அவவுக்கு 76. ஒரு நாள் வலது விலாவுக்குக் கீழே நோ என்றா. வாய்வு என்று நினைத்து மருந்து கொடுத்தேன். அடுத்த நாளும் நோ. பித்தப்பைக் கல்லாக இருக்கும் என்று ஸ்கான் எடுப்பித்தேன். ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் என் மனைவி குளிக்க வார்க்கும்போது முதுகைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டா. வரிசையாகக் கொப்புளம். அக்கியில் நோ முதலில் வரும், கொப்புளம் இரண்டு மூன்று நாள் பிந்தி வரும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். சொந்தத் தாயின் சட்டையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. அன்றைக்கே மருந்து தொடங்கினோம், கொப்புளமும் நன்றாக ஆறிற்று. நோ எட்டு மாதம் இருந்தது. மின்விசிறிக் காற்றுப் பட்டாலே துடிப்பா. சேலை உரசக் கூடாது. "உள்ளே தணலை வைத்துத் தைத்துவிட்டீர்கள்" என்று ஒரு நாள் சொன்னா. இரவு நித்திரை இல்லாமல், சாப்பாடு குறைந்து, கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டா. மனிதரை மெல்ல மெல்ல வீட்டுக்குள் சுருட்டிப் போடுகிற நோ அது.

கொப்புளம் தொடங்கி மூன்று மாதம் தாண்டியும் நோ இருந்தால்தான் அதை அக்கியின் பின்நோ என்று கணக்கெடுப்போம். அக்கி வந்தவர்களில் பத்தில் ஒருவர் அல்லது அதற்குச் சற்று மேலானவர்களுக்கு அது வரும். வயது கூடக்கூட அந்தப் பங்கும் கூடும். வைரசுக்கு எதிரான அசைக்ளோவிர் போன்ற மருந்து கொப்புளத்தைக் கெதியாக ஆற்றும், ஆரம்ப நோவைத் தணிக்கும், கண்ணில் வந்தால் கண்ணைக் காக்கும். பின்நோவை வராமல் தடுத்துவிடும் என்று மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. என் அம்மாவே அதற்குச் சாட்சி. அதை நம்பிக்கையோடு குறைக்கக்கூடிய வழி அக்கியே வராமல் பார்ப்பதுதான். ஆகவே உங்கள் முதற்கேள்விக்கு என் பதில்: போடுங்கள். 67 வயது, சலரோகம், அக்காவின் பாட்டை நேரில் கண்டவர், போட்டுவிட மகள் தயாராக நிற்கிறா. தயங்குவதற்கு ஒன்றும் இல்லை.

ஊசியால் அக்கி வருமா என்று கேட்டிருந்தீர்கள். முன்பு ஸொஸ்டாவாக்ஸ் என்று ஒரு ஊசி இருந்தது. அமெரிக்காவில் 2006இல் வந்தது. அதில் பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ் இருந்தது. அதனால் புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், ஸ்டீரொயிட் கூடுதலாக எடுப்பவர்களுக்கு அதைப் போட முடியாது. 2020 இறுதியோடு அங்கே அதன் விற்பனை நின்றுவிட்டது. உங்கள் மகள் சொல்வது 2017இல் அனுமதி பெற்ற ஷிங்ரிக்ஸ் என்ற ஊசியாகத்தான் இருக்கும். இதில் வைரஸ் இல்லை. வைரசின் மேற்பரப்பில் இருக்கிற ஒரே ஒரு புரதத்தைத் தனியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். வேலியில் தொங்கும் சட்டையைக் காட்டி, இந்தச் சட்டை போட்டவன் வந்தால் விடாதே என்று நாய்க்குப் பழக்குவது போல. சட்டை எழும்பி வந்து கடிக்காது. ஆகவே உங்களுக்கும் அக்கி வராது, உங்களிடமிருந்து பேரனுக்குத் தொற்றவும் ஒன்றுமில்லை.

அந்தப் புரதத்தை மட்டும் கொடுத்தால் வயதான உடம்பு பெரிதாகக் கண்டுகொள்ளாது. எனவே உடம்பை உசுப்பிவிட ஒரு கூட்டுப்பொருளும் சேர்க்கிறார்கள். அதில் ஒன்று சிலி நாட்டில் வளரும் சோப்பு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுப்பது. சீயாக்காய் நுரைக்கிறதே, அதே வகைப் பொருள்தான் அந்தப் பட்டையிலும் இருக்கிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த உசுப்பலால்தான் ஊசி இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது, இந்த உசுப்பலால்தான் ஊசி போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் உடம்பு அலுப்படிக்கவும் செய்கிறது.

எவ்வளவு நன்றாக என்றால், 2015இல் வெளியான பெரிய பரிசோதனையில் 50 வயதுக்கு மேற்பட்ட 15,000க்கும் மேலானவர்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு உண்மை ஊசி, பாதிப் பேருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. மூன்று வருடத்துக்கு மேல் பார்த்ததில் வெறும் ஊசி போட்டவர்களில் 210 பேருக்கு அக்கி வந்தது. உண்மை ஊசி போட்டவர்களில் 6 பேருக்கு வந்தது. பிறகு 70 வயதைத் தாண்டியவர்களைத் தனியாகப் பார்த்தபோதும் பாதுகாப்பு 90 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. பின்நோ வருவதும் அதே அளவுக்குக் குறைந்தது. வயதானவர்களுக்குப் போடும் தடுப்பூசிகளில் இப்படி ஒரு கணக்கு அபூர்வம். வருடாவருடம் போடும் சளிக்காய்ச்சல் ஊசி இதற்குக் கிட்டவும் வராது. 11 வருடம் வரை தொடர்ந்து பார்த்தவர்களிடமும் 80 சதவீதம் அளவில் பாதுகாப்பு நின்றது. 67இல் போட்டால் 78 வயது வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் சட்டென்று இல்லாமல் போய்விடாது.

இந்த ஊசி மறதி நோயையும் குறைக்கும் என்று யாராவது உங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அது முழுப் பொய்யல்ல. வேல்ஸில் 2013இல் அக்கி ஊசித் திட்டம் தொடங்கியபோது 1933 செப்டெம்பர் 2இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் ஊசி என்று கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சில கிழமை வித்தியாசத்தில் பிறந்தவர்களை ஒப்பிட்டபோது, ஊசி போட்டவர்களுக்கு அடுத்த 7 வருடத்தில் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைவாக வந்திருந்தது. ஆனால் அது பழைய ஸொஸ்டாவாக்ஸ். நல்ல செய்திதான். ஊசி போட அதை ஒரு காரணமாக நான் வைக்க மாட்டேன். வந்தால் லாபம் என்று இருந்துவிடுங்கள்.

இனித் தேதிக் கணக்கு. இரண்டு ஊசி, இடையில் 2 முதல் 6 மாதம். உங்கள் பயணம் அதற்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் போய் இறங்கி, பயணக் களைப்பும் நித்திரை மாற்றமும் தீர ஒரு கிழமை விட்டு முதல் ஊசியைப் போடுங்கள். மே தொடக்கம் என்று வையுங்கள். இரண்டு மாதம் யூலை தொடக்கத்தில் முடிகிறது. அங்கேதான் அரங்கேற்றம் வருகிறது. நீங்கள் ஆடி முதல் சனி என்று எழுதியிருப்பது அங்குள்ளவர்கள் சொல்கிற யூலையா, எங்கள் ஆடியா என்று மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் இரண்டாவது ஊசியை அரங்கேற்றத்துக்கு முதல் நாட்களில் வைக்க வேண்டாம். முடிந்து விருந்தாளிகள் போன பிறகு போடுங்கள். பேத்தி மேடையில் நிற்கும்போது பாட்டி போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்கக் கூடாது. திரும்பிவரும் விமானத்துக்கும் ஊசிக்கும் இடையில் மூன்று நான்கு நாளாவது விடுங்கள்.

நடுக்கம் என்று சும்மா சொல்லவில்லை. போட்ட கை நோகும், அது பத்தில் ஏழெட்டுப் பேருக்கு நிச்சயம். பாதிப் பேருக்குக் கிட்ட அலுப்பும் உடம்பு உளைவும் வரும். சிலருக்குத் தலையிடி, குளிர், காய்ச்சல். ஆறில் ஒருவர் வழமையான வேலையைச் செய்ய முடியாத அளவுக்கு ஒரு நாள் படுப்பார். இரண்டு மூன்று நாளில் போய்விடும். பனடோல் போடலாம். முதல் ஊசி படுத்திவிட்டது என்று இரண்டாவதைக் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். இரண்டும் சேர்ந்தால்தான் மேலே சொன்ன கணக்கு. ஏதாவது காரணத்தால் 6 மாதம் தாண்டிப் போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, மிச்சமிருக்கிற ஒன்றைப் போட்டால் போதும். காய்ச்சல் நாளில் சீனி கொஞ்சம் ஏறி நிற்கலாம். கஞ்சியாவது குடித்துக் குளிசையை நேரத்துக்குப் போடுங்கள், சாப்பிடாமல் குளிசை மட்டும் போட வேண்டாம். அஸ்பிரினை நிறுத்தத் தேவையில்லை. ஊசி போட்ட இடத்தை இரண்டு நிமிடம் அமத்திப் பிடித்தால் சரி.

மிக அரிதாக, 10 இலட்சம் ஊசிக்கு மூன்று என்ற அளவில், கை கால் சோர்ந்துபோகும் கியான்-பரே என்ற நரம்பு நோய் கூடுதலாக வந்ததாக அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. மறைத்துவிட்டு ஊசி போடச் சொல்லக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உங்களுக்கு முன்பு அப்படி ஏதும் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் அங்குள்ள வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

பணம். மகள் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் 65 முதல் 70 வயது வரையானவர்களுக்கு இந்த ஊசி இலவசம் என்பதைக் கேட்டு மகள் சந்தோசப்பட்டிருப்பா. அது அங்கே சுகாதார அட்டை உள்ளவர்களுக்கு. விசிற்றர் விசாவில் போகிற அம்மாவுக்கு மகள் கைக்காசுதான் கொடுக்க வேண்டிவரும். ஒரு ஊசியே 150 டொலருக்கு மேல் போகும் என்று எதிர்பார்க்கலாம். நீங்கள் போகும் முன்பே தன் குடும்ப வைத்தியரிடமும் பாமசியிலும் விலையையும் வைத்தியர் துண்டு வேண்டுமா என்பதையும் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். பயணக் காப்புறுதி தடுப்பூசிக்குத் தரும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

ஐஸ் பெட்டி விடயம் என்னைச் சிரிக்க வைத்தது, ஏனென்றால் இதை எனக்கு எழுதுகிற முதல் ஆள் நீங்கள் அல்ல. வேண்டாம். இந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள்ளேயே இருக்க வேண்டும். சூடானாலும் கெட்டுவிடும், உறைந்தாலும் கெட்டுவிடும். சூட்டை விட உறைவதுதான் உங்கள் ஐஸ் பெட்டியில் நடக்கும். ஐஸ் கட்டியோடு ஒட்டிக் கிடந்து உறைந்த மருந்தை எறிய வேண்டும். தூள் ஒரு குப்பி, அதைக் கரைக்கிற திரவம் ஒரு குப்பி. பியர்சன் விமான நிலையத்திலிருந்து கட்டுநாயக்கா, அங்கிருந்து ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் என்று ஒன்றரை நாள் பயணத்துக்குப் பிறகு அது உறைந்ததா, சூடானதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கெட்ட ஊசியைப் போட்டுவிட்டுப் பாதுகாப்பு இருக்கிறது என்று அக்கா நம்பிக்கொண்டிருப்பது எல்லாவற்றிலும் மோசம்.

அக்காவுக்கு ஊசி தேவைதான். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்பதில்லை. ஆனால் அவசரம் இல்லை. அமெரிக்காவில் கொப்புளம் ஆறினால் போடலாம் என்கிறார்கள், கனடாவில் ஒரு வருடம் விட்டுப் போடச் சொல்கிறார்கள். போன ஆவணியில் வந்தபடியால் வருகிற ஆவணிக்குப் பிறகு யோசிக்கலாம். எங்கள் நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை, ஆகவே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் போய்க் காத்திருக்க வேண்டாம். தனியார் ஆஸ்பத்திரிகளில் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். ஷிங்ரிக்ஸ்தானா, இரண்டாவது ஊசிக்கும் மருந்து கிடைக்குமா என்று இரண்டு கேள்வியையும் கேளுங்கள். இந்தியாவில் இது 2023இல் வந்துவிட்டது. கண் காட்டவோ மூட்டுக் காட்டவோ சென்னைக்குப் போகிற வழக்கமுள்ள வீடு என்றால் அப்போது போடலாம், இரண்டு பயணம் தேவைப்படும் என்பதை மறக்காமல்.

இப்போதிருக்கிற நோவுக்கு ஊசி மருந்தல்ல. அதை அக்காவுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஏமாந்து போவா. நோவுக்கு வேறு மருந்து இருக்கிறது. இரவில் சின்ன அளவில் அமிற்றிப்டிலின், அல்லது கபாபென்டின், பிரிகபாலின். அமிற்றிப்டிலின் பெட்டிக்குள் இருக்கிற தாளில் மனச்சோர்வுக்கு என்று போட்டிருக்கும். அக்காவின் மகன் அதையும் போனில் தேடிப் பார்த்து, அம்மாவுக்கு விசர்க் குளிசை கொடுக்கிறார்கள் என்று நிறுத்திவிடக்கூடும். நரம்பு நோவுக்குத் தனியாக அது வேலை செய்யும். தொடங்கின நாளில் நோ போகாது, இரண்டு மூன்று கிழமை பொறுக்க வேண்டும். தலை சுற்றினால், சிறுநீர் போவது கஷ்டமானால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஏழு மாதமாக நோவோடு இருக்கிறவவை அடுத்த கிளினிக் தேதி வரைக்கும் வைத்திருக்காதீர்கள். போதனா வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவிலாவது காட்டிக் கேளுங்கள்.

சந்தனத்தையும் பார்வையையும் பற்றி நீங்கள் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். சந்தனம் குளிர்ச்சி, பூசினதால் கேடு வரவில்லை. பார்வை பார்த்ததாலும் கேடு வரவில்லை. போன நாட்கள்தான் கேடு. வைரசுக்கு எதிரான மருந்தைக் கொப்புளம் தெரிந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அக்கா வந்தது ஐந்தாம் நாள். ஊசி போட்டவருக்கும் அரிதாக அக்கி வரலாம் என்பதால் இது உங்களுக்கும் சேர்த்துத்தான்: உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிவும் குத்தும் நோவும் வந்தால் சட்டையைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் தெரிந்த அன்றே வைத்தியரிடம் போங்கள். கோயிலுக்குப் போகிற வழியிலேயே போங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஐந்து தரம், ஏழு நாள் என்பது வழமை. சலரோகக்காரருக்குச் சிறுநீரகம் பார்த்து அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். ஆகவே அயல்வீட்டில் மிஞ்சியதை வாங்கிப் போடாதீர்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் போட்டால் ஒரு மணித்தியாலமும் வீட்டில் இருக்காதீர்கள், கண்ணுக்கு ஆபத்து. காதில் போட்டு வாய் ஒரு பக்கம் கோணினாலும் அப்படித்தான்.

இன்னொன்று, யாருக்காவது அக்கி வந்திருக்கும்போது அந்தக் கொப்புளத் தண்ணீர் பட்டால், கொப்புளிப்பான் வராதவருக்குக் கொப்புளிப்பான் வரலாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான் கவனம். கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை துணியால் மூடி வைத்தால் போதும், ஆளை அறையில் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

அங்கே ஊசி போட்டதும் ஒரு அட்டை தருவார்கள். ஊசியின் பெயர், தேதி, தொகுதி இலக்கம் இருக்கும். அதைக் கடவுச்சீட்டோடு வைத்துக் கொண்டு வாருங்கள். வந்து முதல் கிளினிக்கில் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஊசி போடாமல் திரும்ப வேண்டி வந்தால் எனக்கு எழுதுங்கள், மிச்சத்தை எங்கே போடலாம் என்று பார்ப்போம்.